பயிர்க் காவல் துப்பாக்கிக்குத் தேர்தல் விடுமுறையா?

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஊருக்கு ஆள் வந்துவிடும். "லைசென்சு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். உத்தரவு எங்கே என்று கேட்டால், "மேலிடத்து உத்தரவு" என்பார்கள். நாமும் பழைய சாக்கில் துப்பாக்கியைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவோம். கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன காரியம். பழகிப்போனது என்பதால் சரியான காரியம் ஆகிவிடாது.

2024 பாராளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். மார்ச் 16-இல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இல் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். ஆனால் நாடு முழுவதும் ஏழு கட்டம் முடிந்து, முடிவு தெரிந்தது ஜூன் 4-இல்தான். முடிவு அறிவித்து ஒரு வாரம் கழிந்த பிறகே ஆயுதங்களைத் திருப்பித் தருவது என்பது தேர்தல் கமிஷன் வகுத்துள்ள முறை. ஆகக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று மாதம்.

அந்த மூன்று மாதம் எது? மாசிப் பட்டத்தில் இறவையில் விதைத்த நிலக்கடலை பூத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கும் காலம். கடலை விளைவதற்கு ஆகும் நாளும், துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றே. காட்டுப்பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி எதுவும் கிடையாது. ஐந்தாறு உருப்படி சேர்ந்து ஒரு ராத்திரி இறங்கினால், கால் ஏக்கர் கடலைக்காடு ஏர் ஓட்டியதுபோல் ஆகிவிடும். வாழையில் இறங்கினால் கிழங்கைத் தோண்டிக் கன்றைச் சாய்த்துவிடும்.

துப்பாக்கி என்றதும் பட்டணத்துக்காரர்கள் சினிமாவில் பார்த்ததை நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் இருப்பது என் தகப்பனார் காலத்து ஒற்றைக்குழல். குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடி வெடித்தால் அடுத்ததற்குத் தயார் செய்வதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். இதை வைத்துக்கொண்டு வாக்குச்சாவடியைக் கைப்பற்றியவன் எவனும் உண்டா? பரண்மேல் இருந்து வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் விடுவதோடு இதன் வேலை முடிந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் பன்றி மதிப்புக் கொடுக்கிறது. தகர டப்பா, பழைய சேலைக் கட்டு, ரேடியோப் பாட்டு எல்லாம் நாலு நாளில் அதற்குப் பழகிவிடுகிறது.

சட்டம் நம்மை மறந்துவிடவில்லை. வெள்ளைக்காரன் 1878-இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக நாமே இயற்றிக்கொண்ட 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 13-வது பிரிவு, பயிர்க் காவலுக்கென்று உண்மையாகவே கேட்பவருக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு வழங்க வேண்டும் என்று சொல்கிறது. அதன் மறுப்புப் பிரிவில் சொன்ன தடைகள் எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. இந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்று அடுத்தாற்போலவே எழுதியிருக்கிறது. கொடுத்த லைசென்சை நிறுத்திவைக்கவோ ரத்துச் செய்யவோ 17-வது பிரிவில் இடம் உண்டு. ஆனால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதன்மேல் அப்பீல் செய்ய 18-வது பிரிவு இருக்கிறது. வாய்மொழி உத்தரவுக்கு எங்கே போய் அப்பீல் செய்வது?

தேர்தல் சமயத்து ஒப்படைப்புக்கும் முறை உண்டு. எல்லாரிடமும் ஒட்டுமொத்தமாக வாங்குவது கூடாது என்று கோவாவிலிருந்து போன வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, 2009-இல் தேர்தல் கமிஷன் வழிமுறை வகுத்தது. மாவட்டத்தில் கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் கொண்ட குழு, ஒவ்வொரு லைசென்சையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஜாமீனில் வந்தவர், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் கலவரத்தில் இருந்தவர் என்று உதாரணமும் காட்டியிருக்கிறார்கள். ஒப்படைப்பவருக்கு முறையான ரசீது தர வேண்டும். ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றமும், பொதுவாக ஓர் உத்தரவு போட்டு எல்லாரையும் ஒப்படைக்கச் சொல்ல முடியாது என்று கூறிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் மலையடிவாரத்து விவசாயி சாக்கோடு பஸ் ஏறுகிறான்.

அதிகாரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். தேர்தல் நேரத்தில் போலீசாருக்கு உள்ள வேலைக்கு ஒவ்வொரு கோப்பாகப் புரட்டுவது கஷ்டம்தான். பயிர்க் காவல் என்று லைசென்சு வாங்கி மானுக்கும் மிளாவுக்கும் குறி வைத்தவர்கள் நம் ஊர்களிலும் இருந்தார்கள். இல்லை என்று சாதிக்க மாட்டேன். அப்படிப்பட்டவரிடம் தேர்தலுக்கு மட்டும் என்ன, எப்போதுமே துப்பாக்கி இருக்கக் கூடாது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்து, மிச்சத்தை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒற்றைக்குழல் ஒன்றோடு காலம் தள்ளும் நமக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நம் பள்ளத்தாக்குக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மேகமலை 2009-இல் வன உயிரினச் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு இல்லாமல் புது லைசென்சு கிடையாது என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம். வைத்திருப்பவரும் வனத்துறையில் பதிந்துகொள்ள வேண்டும். மலையடிவாரத் தோட்டங்கள் பலவும் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆக, இங்கே லைசென்சு வைத்திருப்பவன் இரண்டு இலாகாவின் கண்ணிலும் இருப்பவன். ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை.

பன்றியைச் சுடவும் நமக்கு அனுமதி இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வகுத்த முறைப்படி, காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்களே சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் தொடவே கூடாது. குமுளி தாண்டிக் கேரளத்தில், 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே லைசென்சு துப்பாக்கிக்காரரை அழைத்துப் பன்றியைச் சுடச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஒரே மலை, ஒரே பன்றி, இரண்டு சட்டம். அந்த உரிமையை இன்று நான் கேட்கவில்லை. சத்தம் விடும் உரிமையைத்தான் கேட்கிறேன். (யானைக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் தெருவில் ஓடியபோது எந்தத் துப்பாக்கிக்காரரும் வெளியே வரவில்லை, வரவும் கூடாது.)

சத்தத்தையும் பறித்துவிட்டால் ஆள் எங்கே போவான்? கம்பத்திலிருந்து நேரே வேலிக் கம்பிக்கு மின்சாரம் இழுப்பான். அது பன்றியையும் கொல்லும், யானையையும் கொல்லும், விடியற்காலையில் தண்ணீர் கட்ட வரும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனையும் கொல்லும். லைசென்சு துப்பாக்கி ஸ்டேஷனில் பத்திரமாக இருக்க, கள்ள மின்வேலி காட்டில் விழித்திருப்பதுதான் அமைதியான தேர்தலா?

கலெக்டர் அவர்களுக்கு ஒரே வேண்டுகோள். பயிர்க் காவல் லைசென்சுகளைத் தேர்தல் வருமுன்பே தனிப் பட்டியலாக எடுத்துவையுங்கள். வழக்கு எதுவும் இல்லாதவரை விட்டுவிடுங்கள். மற்றவருக்குப் பேரெழுதி உத்தரவு அனுப்புங்கள்.

விவசாயிகளும் சும்மா இருந்துவிடக் கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் லைசென்சு நகல், பட்டா, அடங்கல், என்ன பயிர் எந்த நிலையில் நிற்கிறது என்ற விவரம் எல்லாம் வைத்துக் குழுவுக்கு விலக்குக் கோரி மனு எழுதுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். எழுத்தில் உத்தரவு வந்தால் மறுபேச்சுப் பேசாமல் ஒப்படையுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணும், குழலும் கட்டையும் எந்த நிலையில் இருந்தன என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். கொண்டுபோகும் முன் குழலுக்குள் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள். சென்ற முறை நான் அதைச் செய்யவில்லை. திரும்பி வந்த துப்பாக்கியின் துருவை எடுக்க ஆடி மாதம் முழுக்க ஆயிற்று.