ஒரே கடற்கரை, இரண்டு வினைச்சொற்கள்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பின்னேரம் போனில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிரெஞ்சுத் தம்பதி ஒன்று செனகலில் சலி என்ற கடற்கரை ஊரில் போய்க் குடியேறின கதை. வீடு தேடினது, வேலி ஓரம் பூமரம் நட்டது, சந்தையில் மீனுக்குப் பேரம் பேசப் பழகினது. பார்க்கவே ஆசையாக இருந்தது. இடையில் டக்கார் நகரத்தைக் காட்டினபோது நீலமும் மஞ்சளுமாய் ஒரு பழைய மினி பஸ் போனது. பின்னால் கதிரையில் இருந்த சின்ன மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "உந்த பஸ் எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.

மாமா ஒரு காலம் ஆபிரிக்காவில் இருந்தவர் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்த நாடு, எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. "அவர் அங்க மாட்டுப்பட்டவர்" என்ற ஒரு வசனத்தோடு கதை முடிந்துவிடும். அன்றைக்குத்தான் விபரமாகச் சொன்னார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் டக்காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். 7 மாதம். ஒரு அறைக்குள் 9 பேர். வீசா முடிந்த பிறகு வெளியில் போகவே பயம். இரவில் கடல் சத்தம் கேட்குமாம், ஆனால் கரைக்குப் போனது இரண்டே தரம். கடைசியில் கட்டின காசும் போய், ஊருக்கே திரும்பி வந்தார்.

நாடும் ஒன்று, கடலும் ஒன்று. அந்தத் தம்பதி அங்கே "செட்டில்" ஆனார்கள். மாமா "மாட்டுப்பட்டார்". இந்த இரண்டு வினைச்சொல்லுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் என்ர கேள்வி.

முதலில் சலியைப் பற்றிக் கொஞ்சம். டக்காருக்குத் தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றரில் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்திலேயே வியாபாரம் நடந்த கரை. 1980களில் இருந்து அரசாங்கமே திட்டம் போட்டு அதை உல்லாசப் பயண ஊராக்கியது. ஹோட்டல்கள் வந்தன, பிறகு வில்லாக்கள் வந்தன, குளிர்காலத்தைக் கழிக்க வந்த பிரெஞ்சு ஓய்வூதியர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தால் 90 நாளுக்கு வீசாவே தேவையில்லை. அங்கே புழங்கும் சிஎஃப்ஏ பிராங் 1945இல் பிரான்ஸ் உருவாக்கிய நாணயம். இன்றைக்கும் ஒரு யூரோவுக்கு 655.957 பிராங் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். அதனால் ஓய்வூதியத்தின் பெறுமதி நாளைக்கு விழுந்துவிடும் என்ற பயமும் இல்லை. பிரான்ஸில் வாடகைக்குக் கணக்குப் பார்த்தவர் இங்கே சமையலுக்கு ஒருவர், காவலுக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்கிறார். அந்தக் காணொளியில் இதை "எளிமையான வாழ்க்கை" என்றார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் செபு ஜென் சமைக்கப் பழகுகிறார். உடைத்த அரிசியும் மீனும் மரக்கறியும் சேர்த்துச் செய்கிற அந்தச் சோறு 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவர் உண்மையான ஆசையோடுதான் பழகுகிறார். வெளிநாட்டுக்காரர் வந்தால் வேலை வரும், கடைகளில் வியாபாரம் நடக்கும் என்பதும் உண்மை. "சனம் சந்தோஷமாத்தானே வரவேற்குது, உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். செனகலில் "தெராங்கா" என்று ஒரு சொல் இருக்கிறது, விருந்தோம்பல் என்று சொல்லலாம். தேசிய உதைபந்தாட்ட அணியையே தெராங்காவின் சிங்கங்கள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆனால் இந்த விருந்தோம்பல் ஒரு பக்கத்துக்கு மட்டும்தானா?

சலிக்குப் பக்கத்து ஊர் ம்பூர். பெரிய மீன்பிடித் துறை, நிறம் நிறமாய்ப் பூச்சுப் பூசின நீட்டு மரப்படகுகள். அதே படகுகளில் ஏறித்தான் பெடியங்கள் ஸ்பெயினின் கனாரித் தீவுகளுக்குப் போகப் பார்க்கிறார்கள். பல நாடுகளில் இருந்தும் இப்படிக் கடல்வழியாய் அந்தத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 2006இல் 30,000க்கு மேல், 2024இல் 46,000க்கு மேல். போய்ச் சேராதவர்களை யார் எண்ணினார்கள்? 2024 செப்டெம்பரில் ம்பூரில் இருந்து வெளிக்கிட்ட ஒரு படகு கரையில் இருந்து சில கிலோமீற்றரிலேயே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பக்கத்திலேயே மற்றவர்கள் வந்து செட்டில் ஆகிற கரை.

செனகல் ஒருமுறை இதைச் சமப்படுத்தப் பார்த்தது. "எங்கட ஆக்களிட்ட நீங்கள் வீசா கேட்டால், நாங்களும் கேட்போம்" என்று 2013இல் ஐரோப்பியருக்கும் வீசா கொண்டுவந்தது. உல்லாசப் பயணிகள் குறையத் தொடங்க, 2015இல் அதைக் கைவிட்டது. பணக்கார நாடு கதவைப் பூட்டினால் அது கொள்கை. ஏழை நாடு பூட்டினால் அடுத்த நாளே வயிற்றில் அடி.

இதுவரைக்கும் மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். எனக்கு உறுத்துவது எங்களைப் பற்றி. வெள்ளைக்காரர் இன்னொரு நாட்டில் போய் இருந்தால் அவரை "எக்ஸ்பட்" என்று உலகம் சொல்கிறது. அது அவர்களுடைய சொல். ஆனால் "மாட்டுப்பட்டவர்" யாருடைய சொல்? அது எங்கட குசினிக்குள் நாங்களே மாமாவுக்குக் கொடுத்த பெயர். போய்ச் சேர்ந்திருந்தால் "வெளிநாட்டு மாமா". சேராததால் கதைக்கக்கூடாத கதை. கடவுச்சீட்டுகளுக்கு உலகம் போட்டிருக்கிற வரிசையை நாங்களும் அப்படியே விழுங்கி, எங்கட ஆக்களையே அதன்படி அளக்கிறோம்.

அந்த 7 மாதத்திலும் மாமா வாழ்ந்திருக்கிறார். கீழ்வீட்டுப் பெடியன் ஒருவன் பின்னேரங்களில் அத்தாயா தேத்தண்ணி கொண்டுவருவானாம். மூன்று தரம் ஊற்றுவார்கள். முதலாவது கசக்கும், கடைசி நல்ல இனிப்பு. வோலோஃப் மொழியில் சுகம் கேட்கவும் அவனே பழக்கினான். "நங்கா தெஃப்?" என்று கேட்டால் "மாங்கி ஃபி" என்று சொல்லவேண்டும். "இஞ்சதான் இருக்கிறன் எண்டு அர்த்தம்" என்று மாமா சிரித்தார். காணொளியில் அந்தத் தம்பதி நாலு வருடமாய் அங்கே இருக்கிறார்கள். கடையிலும் சந்தையிலும் பிரெஞ்சிலேயே கதைக்கிறார்கள்.

அப்போ யார் அந்த ஊரில் கொஞ்சமாவது குடியிருந்தவர்?

இப்படியான காணொளிகளைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். நானும் பார்ப்பேன், எனக்கும் கடற்கரை வீடு பிடிக்கும். ஆனால் அடுத்த தடவை பார்க்கும்போது பக்கத்து ஊரின் பெயரையும் ஒருக்கா தேடிப் பாருங்கள். உங்கட வீட்டிலும் "மாட்டுப்பட்ட" ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், எந்த ஊர், என்ன சாப்பிட்டீங்கள், ஆரோட கதைச்சீங்கள் என்று கேளுங்கள். எங்கட மாமாவிடம் இதைக் கேட்க எங்களுக்கு இவ்வளவு வருடம் எடுத்தது. அவர் சொல்லத் தயாராகத்தான் இருந்திருக்கிறார்.