எந்தத் தெரு என்று கேட்கிற வில்லன்

கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் மகள், தான் படித்த ஒரு ஆங்கில மர்ம நாவலின் கதையைச் சொன்னாள். ஆலிசா கோல் என்ற கறுப்பினப் பெண்மணி எழுதி 2020ல் வெளிவந்ததாம். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் கறுப்பின மக்கள் தலைமுறையாக வாழும் தெருவில், வசதியான வெள்ளையர்கள் வந்து வீடு வாங்குகிறார்கள். பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. 'வேற இடத்துக்குக் குடி போயிட்டாங்க' என்கிறார்கள். நிஜமாகவே எங்கே போனார்கள் என்பதுதான் மர்மம்!

"ராத்திரி தூக்கமே வரலை அத்தை" என்றாள். எனக்கு அத்தனை பயம் வரவில்லை. நம் சென்னையில் இதற்குக் கொலைகாரன் தேவையே இல்லையே!

கூவம், அடையாறு ஓரம் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் விட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் பல குடும்பங்கள் போயின. வெள்ள ஆபத்து என்றார்கள், சரி. பெரும்பாக்கம் மட்டும் மேட்டு நிலமா? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டித்தானே இருக்கிறது! வீட்டு வேலை மயிலாப்பூரில், வீடு பெரும்பாக்கத்தில் என்றால் ஒரு பெண் எத்தனை மணிக்கு எழுந்து, எத்தனை மணிக்கு உலை வைப்பாள்? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்தே இறந்து போனார். போன இடத்திலாவது நிம்மதி உண்டா? கண்ணகி நகர் விலாசம் என்றாலே வேலை தர யோசிக்கிறார்கள்.

அமெரிக்காவில் தோலின் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே பார்த்தால் தெரியாது. அதனால் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள். நாங்கள் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்கார அம்மா உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்தாயிற்று. பிறகு, "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்றார். சொன்னோம். "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்மா" என்றவர் இன்றுவரை சொல்லவில்லை.

2018ல் வந்த 'காலா' படத்திலும் நிலத்தைப் பறிக்க வருபவர் ஒரு பெரிய புள்ளிதான். அப்படிப்பட்ட வில்லனை எல்லாருக்கும் அடையாளம் தெரியும். நம் மாத நாவல் எழுத்தாளர்கள், காப்பி கொடுத்துக்கொண்டே தெருவை விசாரிக்கும் அந்த அம்மா மாதிரி ஒருவரை வில்லியாக வைத்து எழுதுவார்களா? எழுதினால் பத்துப் பிரதி வாங்கி, ஆவடி பக்கம் 'வீடு வாடகைக்கு' போர்டு தொங்கும் வீடுகளில் நானே கொடுத்துவிட்டு வருகிறேன்.

- ஒரு வாசகி, கோவில்பதாகை.