வயலினைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்

சிகாமட்டில் நான் வயலின் கற்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை மாலை, ஆசிரியர் வீட்டு முன்னறையில் பாய் விரித்து வகுப்பு நடக்கும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, கீதம், வர்ணம் என்று ஏழு ஆண்டுகள் ஓடின.

படிவம் நான்கில் படித்தபோது, கைப்பேசியில் எதையோ தேடப்போய் ஓர் இசைத்தொகுப்பு காதில் விழுந்தது. பெயர் ‘கான்வர்சேஷன்ஸ்’, அதாவது உரையாடல்கள். 1984இல் வெளிவந்தது. அதில் இரண்டு வயலின்கள் பேசிக்கொள்கின்றன. ஒன்று நம் எல். சுப்பிரமணியத்தினுடையது. மற்றது பிரெஞ்சுக் கலைஞர் ஸ்தெபான் கிராப்பெல்லியினுடையது.

கிராப்பெல்லி 1934இல் பாரிஸில் கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுடன் சேர்ந்து ஐவர் குழு ஒன்றைத் தொடங்கியவர். மூன்று கித்தார், ஒரு டபுள் பாஸ், ஒரு வயலின். டிரம்ஸ் கிடையாது. ஆனாலும் கேட்பவர் கால் தானாகத் தாளம் போடும். அதுதான் ‘ஸ்விங்’ ஜாஸ். ஒரு தட்டை இரு சம பாதிகளாகப் பிரிக்காமல், முதல் பாதியை நீட்டி இரண்டாவதைக் குறுக்குவார்கள். கர்நாடக இசை கற்பவர்கள் திஸ்ர நடையின் மூன்று அட்சரங்களில் முதல் இரண்டைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்த ஆட்டம் வந்துவிடும்.

அடுத்த வாரம் வகுப்பில் ஆசையோடு அதை வாசித்துக் காட்டினேன். “இதெல்லாம் கிளப் மியூசிக். கை கெட்டுப்போகும்” என்றார் ஆசிரியர். வீட்டில் சொன்னேன். “அடுத்த வருஷம் எஸ்பிஎம். முதல்ல வயலினை மூடி வை” என்றார் அம்மா. இருவரும் என் நன்மைக்காகத்தான் சொன்னார்கள். நானும் மூடி வைத்தேன். பெட்டி அலமாரியின் மேல் ஏறியது.

ஆனால், வயலின் யாருடைய கருவி? அதுவே கடல் கடந்து நம்மிடம் வந்ததுதானே! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதில் நம் இராகங்களை வாசித்தார். ‘இது வெள்ளைக்காரன் கருவி’ என்று அவர் ஒதுக்கியிருந்தால், இன்று வயலின் இல்லாத கச்சேரியைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருப்போம்.

சுப்பிரமணியத்தின் கதை மாணவர்களான நமக்கு இன்னும் நெருக்கமானது. யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. இலட்சுமிநாராயணாவின் மகன் அவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அங்கே மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால், படிப்புக்காக வயலினைக் கைவிடவில்லை. அவருடைய தம்பி எல். சங்கர் ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாஃப்லினின் கித்தாரோடு வாசித்தார். ராக் இசைக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் தயாரிப்பில் 1979இல் ‘டச் மீ தேர்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். பின்னர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினையும் உருவாக்கினார். அதே ‘சக்தி’ குழு, கணேஷ் ராஜகோபாலனின் வயலினோடு, 2024இல் கிராமி விருது வென்றது. இவர்களில் யாருக்கும் கை கெட்டுப்போகவில்லை.

ஆசிரியரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடித்தளம் உறுதியாகும் முன் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் மாணவனுக்கு எதுவும் கைகூடாது. சுப்பிரமணியமும் சங்கரும் சிறு வயது முதல் தந்தையிடம் பயின்று, அதன் பிறகே வெளியே போனவர்கள். வர்ணத்தை விட்டுவிட்டு ஜாஸுக்கு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வர்ணத்தோடு ஜாஸையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. கடந்த பருவத்தில் பல்கலைக்கழக விடுதி நண்பர்களின் ராக் குழுவில் வயலின் வாசிக்க ஆள் தேடினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் பெட்டியைத் திறந்தேன். சுருதி சேர்க்கும்போதே ஒரு தந்தி அறுந்தது. கித்தார் வாசிக்கும் நண்பன் கார்டு மாறும் இடங்களைச் சொல்லச் சொல்ல, ஒரே சுருதியில் பழகிய நான் திணறினேன். பிறகு எட்டுச் சுற்று காலியாக விட்டு, “இங்கே உனக்குத் தோன்றியதை வாசி” என்றார்கள். கல்பனா ஸ்வரம் கற்றவனுக்கு அந்த இடத்தில் மட்டும் பயம் வரவில்லை. என்ன வாசிக்க வேண்டும் என்று மனத்துக்குத் தெரிந்தது. விரல்தான் ஓடவில்லை. இழந்த அந்த வேகம் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

தேர்வு ஆண்டில் இசையை நிறுத்தச் சொல்லும் பெற்றோரே, நாளுக்கு அரை மணி நேரமாவது விட்டுக்கொடுங்கள். மாணவ நண்பர்களே, அந்த அரை மணியைக் கேட்டுப் பெறுங்கள். நான் கேட்கவே இல்லை. அது என் தவறு.

அடுத்த விடுமுறையில் சிகாமட்டுக்குத் திரும்பும்போது ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். விட்ட வர்ணத்திலிருந்து தொடங்கச் சொல்லிக் கேட்பேன். பாடம் முடிந்த பிறகு, அந்த இசைத்தொகுப்பை என்னோடு உட்கார்ந்து ஒருமுறை கேட்கும்படியும் கேட்டுக்கொள்வேன்.