வெளியே என்ன இருக்கு?

போன மாதம் என் பெரியப்பா மகன் தூத்துக்குடியிலிருந்து சென்னை வழியாக டெல்லிக்குப் போனார். சென்னையில் ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டும். "எங்கண்ணா இருக்கீங்க?" என்று வாட்ஸப்பில் கேட்டேன். "ஏர்போர்ட்லதான்டா. செம போர். வெளியே வந்தா மட்டும் என்ன இருக்கு? டிராஃபிக்கும் கொசுவும்தானே" என்று பதில் வந்தது.

எங்கள் வீடு பல்லாவரத்தில். விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். அண்ணன் ஏழு மணி நேரமும் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு டெல்லிக்குப் போயே போய்விட்டார்.

வீட்டுக்கு வராததைக்கூட மன்னித்துவிடலாம் (அம்மா மன்னிக்கவில்லை, அது தனிக்கதை). "என்ன இருக்கு" என்றாரே, அதைத்தான் விட முடியவில்லை. இதே அண்ணன்தான் முன்பு சிங்கப்பூரில் விமானம் மாறியபோது, டிரான்ஸிட் பயணிகளுக்கான இலவசச் சுற்றுலாவில் போய் பஸ் ஸ்டாப்பைக்கூட படம் பிடித்து குடும்ப குரூப்பில் போட்டவர். அங்கே பஸ் ஸ்டாப்பும் பார்க்க வேண்டிய இடம். இங்கே ஒரு ஊர் முழுக்க வெறும் டிராஃபிக்!

சரி, என்ன இருக்கு என்று சொல்கிறேன்.

1863 மே 30. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். இந்த நாட்டின் கற்கால ஆய்வே நீங்கள் சார்ஜர் தேடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது.

அதே பல்லாவரத்தில் ஒரு குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. இன்று அது தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். மாமல்லபுரம் போகத்தான் நேரமில்லை, பல்லவனை இங்கேயே பார்த்துவிடலாம்.

ரயில் பாதையைத் தாண்டினால் மலைகளுக்கு நடுவே திரிசூலநாதர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகளோடு. மதியத்தில் நடை சாத்தியிருக்கும், காலையிலோ மாலையிலோ போங்கள்.

எதிர்த்திசையில் மூன்றாவது ஸ்டேஷன் பரங்கிமலை. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் மலை. உச்சியில் போர்ச்சுகீசியர் 1523இல் கட்டிய தேவாலயம். 1802இல் வில்லியம் லாம்டன் இந்த மலையடிவாரத்தில்தான் ஒரு அடிக்கோட்டை அளந்தார். அங்கே தொடங்கிய நில அளவைதான் பல ஆண்டுகள் கழித்து எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிடும் வரை போனது. மேலே நின்றால் ஓடுபாதையில் விமானம் இறங்குவது தெரியும். உங்கள் விமானம் வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளலாம் :-)

வெள்ளிக்கிழமை என்றால் வேறெங்கும் போகாதீர்கள். பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்கு வாருங்கள். பழைய தையல் மிஷின், பூச்செடி, ஸ்பேனர், மீன் தொட்டி.... வாங்க வேண்டாம், வேடிக்கை பார்த்தாலே பொழுது போய்விடும்.

"வெயில், பெட்டி, ஃப்ளைட்டை விட்டுட்டா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விகள்தான். ஒரே டிக்கெட்டில் உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கு பெரிய பெட்டி பெரும்பாலும் நேராகப் போய்விடும், செக்-இன் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் இருந்தால் திரும்ப உள்ளே வரலாம். (விசா இல்லாத வெளிநாட்டு டிரான்ஸிட் பயணிகளை நான் சொல்லவில்லை.) விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் திரும்பிவிடுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பேசாமல் உள்ளேயே இருங்கள், நானே சொல்கிறேன். மெரினா, தி.நகர் என்று கிளம்பினால்தான் பாதி நேரம் ரோட்டிலேயே போகும். பக்கத்து ஊருக்கு அந்தப் பயமே இல்லை.

உண்மையான காரணம் வெயில் இல்லை என்பது என் கட்சி. பயணம் என்றால் காசு கொடுத்துப் போய்ச் சேரும் இடம் மட்டும்தான், நடுவில் இருப்பதெல்லாம் வெறும் காத்திருப்பு என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகிறது. எங்கள் தெருவில் தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சை நிறுத்துவோம். போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வோம். உங்கள் பயணத்தின் சத்தத்தை தினமும் கேட்கிறவர்கள் நாங்கள். எங்களைப் பார்த்து "என்ன இருக்கு" என்றால் கோபம் வராதா?

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் பெயரைப் பள்ளியில் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தவன்தான் நானும். "பல்லாவரம்" என்று விடை எழுதி மார்க்கும் வாங்கினேன். அது தினமும் நான் சைக்கிள் ஓட்டும் மண் என்று அன்றைக்கு உறைக்கவே இல்லை. ஊர்க்காரன் எனக்கே கண் திறக்க இத்தனை வருடம் ஆயிற்று என்றால், அண்ணனை மட்டும் திட்டி என்ன பயன்?

அடுத்த மாதம் அவர் திரும்பி வருகிறார். சென்னையில் ஆறு மணி நேர இடைவெளியாம். திரிசூலம் ஸ்டேஷனில் நானே போய் நிற்கப் போகிறேன். முதலில் பரங்கிமலை, பிறகு வீட்டில் அம்மாவின் மீன் குழம்பு. அதற்கப்புறம் சொல்லட்டும், வெளியே என்ன இருக்கு என்று.