மருந்துக்கு வரிவிலக்கு, காய்ச்சலுக்கு?

2025 செப்டம்பர் 22 முதல் உயிர்காக்கும் மருந்துகள் 33-க்கு ஜிஎஸ்டி முழுமையாக நீக்கப்பட்டது. ‘மல்டிபிள் மைலோமா’ என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குத் தரப்படும் டராடுமுமாப், டெக்லிஸ்டமாப் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. வரவேற்க வேண்டிய முடிவு. வரிக் குறைப்பின் பயன் நோயாளியின் கைக்கு முழுமையாக வந்து சேர்கிறதா என்ற ஐயம் பொருளியல் கற்பித்த எனக்கு எப்போதும் உண்டு. அதைப் பிறிதொரு நாள் பேசலாம். இப்போது என் கவலை, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத சில்லறைச் செலவுகளைப் பற்றியது.

என்னோடு ஒரே துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நண்பருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை பலனளித்தது, ரத்தப் பரிசோதனை முடிவுகள் மாதந்தோறும் தேறி வந்தன. நான்காம் மாதம் நிமோனியாவில் இறந்தார். காப்பீட்டுக்காக ரசீதுகளை அடுக்கித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. புற்றுநோய் ஊசி, ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்த நாள்கள் என எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. தடுப்பூசிக்கு ஒன்றுகூட இல்லை. போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் சொல்ல இயலாது. அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை என்றார் அவர் மனைவி.

கிருமிகளை எதிர்க்கும் எதிரணுக்களைத் தயாரிப்பவை பிளாஸ்மா செல்கள். இந்நோயில் புற்றாக மாறுபவை அவையே. பயனற்ற ஒரே வகைப் புரதம் பெருகப் பெருக, இயல்பான எதிரணுக்கள் குறைகின்றன. 1988 முதல் 2004 வரை நோய் கண்டறியப்பட்ட 9,253 பேரை ஆராய்ந்த ஸ்வீடன் ஆய்வு, ஏனையோரைவிட இவர்களுக்குத் தொற்று அபாயம் ஏழு மடங்கு என்று கண்டது. முதல் ஆண்டில் நேர்ந்த இறப்புகளில் 22 விழுக்காட்டுக்குத் தொற்றே காரணம்.

சிகிச்சையும் தன் பங்குக்கு அபாயத்தைக் கூட்டுகிறது. உடன் தரப்படும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைக் குறைப்பதோடு, காய்ச்சலையே வெளித்தெரியாமல் அடக்கிவிடக்கூடும். போர்டிசோமிப் பெறுவோருக்கு அக்கி வரும் வாய்ப்பு அதிகம். அசைக்ளோவிர் என்னும் மலிவான மாத்திரை அதைப் பெருமளவு தடுக்கிறது. வரிவிலக்குப் பெற்ற டெக்லிஸ்டமாப் 165 பேருக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டபோது, நான்கில் மூவருக்குத் தொற்று ஏற்பட்டது. ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு அது கடுமையாக இருந்தது. மருந்து வேண்டாம் என்பதல்ல என் வாதம். மருந்தின் விலையைக் கணக்கிடும்போது, அதைப் பாதுகாப்பாகப் பெறுவதற்கான செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பிரிட்டனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 977 பேரில் ஒரு பாதியினருக்கு 12 வாரங்கள் லீவோஃப்ளாக்சசின் தரப்பட்டது. அக்காலத்தில் அவர்களில் 8 பேர் இறந்தனர். மாத்திரை பெறாத மறுபாதியில் 22 பேர். இதை அப்படியே இங்கு நகலெடுக்க முடியாது. அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் இந்தியாவில் மிகுதி. மறைந்திருக்கும் காசநோயை அது மூடிமறைக்கும் அபாயமும் உண்டு. இங்குள்ள கிருமிகளை வைத்து இங்கேயே ஆய்வு நடந்தாக வேண்டும்.

தடுப்பூசிக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. நிமோகாக்கல் தடுப்பூசி 2017 முதல் படிப்படியாகக் குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அறுபது வயது மைலோமா நோயாளி அதைத் தன் காசில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்வதை மையமாகக் கொண்டது. நிமோனியா வந்து படுக்கையில் விழுந்தால் காப்பீடு உண்டு, வராமல் தடுத்தால் இல்லை. இத்தகைய ஊக்கத்தொகை அமைப்பைத் தேர்வில் எழுதியிருந்தால், என் மாணவருக்கு மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

நோயாளியின் உடல் தடுப்பூசிக்கு முழுமையாக வினைபுரியாது என்பது மருத்துவர்கள் கூறும் நியாயமான மறுப்பு. அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே, அல்லது தொடக்கத்திலேயே போடச் சொல்கிறார்கள். உடன் வாழ்பவர்களும் ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எதிரணு மிகக் குறைந்து, தொற்று திரும்பத் திரும்ப வருவோருக்கு மாதமொரு இம்யூனோகுளோபுலின் தேவைப்படும். அது விலை உயர்ந்தது. யாருக்கு என்ற வரையறை கட்டாயம் வேண்டும்.

அரசு செய்யக்கூடியது எளிது. மைலோமா சிகிச்சைக்குக் காப்பீடு வழங்கும் ஒவ்வொரு தொகுப்பிலும் தடுப்பூசி, அசைக்ளோவிர், எதிரணு அளவுப் பரிசோதனை மூன்றையும் சேர்த்துவிடலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவிலும் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணை நோயாளியின் கையில் எழுதித் தரலாம். என் நண்பர் வீட்டில் இரண்டு இரவுகள் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும் என்று.