வேகம் பெட்டிக்குள் இல்லை!

தொழிலாளத் தோழர்களே! கைப்பேசி விற்கும் கடைகளில் இன்று ஒரே முழக்கம்: “5ஜி! அதிவேகம்!” தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வந்து, அப்படியே ஆயர் ஈத்தாம் கடைத்தெருவையும் சுற்றிப் பார்க்கும் தோட்டத்துக் குடும்பங்கள் இம்முழக்கத்தில் மயங்கி, நன்றாய் இயங்கும் கைப்பேசியை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தவணையில் வாங்கலாமா? வேகத்துக்கென்று கூலியைக் கொட்டிக் கொடுக்கலாமா?

கூடாது என்கிறோம் நாம். ஏன்? வேகம் பெட்டிக்குள் இல்லை; கோபுரத்தில் இருக்கிறது!

நம் நாட்டில் 5ஜி சேவை 2021 டிசம்பர் 15-இல் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய இடங்களில் தொடங்கிற்று. 2023 முடிவில் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டை எட்டியதாக அறிவித்தனர். மகிழ்ச்சி. எஞ்சிய 20 விழுக்காடு எங்கே இருக்கும்? பட்டணத்தின் நடுவே இராது என்பது எவருக்கும் விளங்கும். மேலும், அதிவேகத்தைச் சுமந்து வரும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை நெடுந்தூரம் செல்லாது. குன்றும் அடர்ந்த மரமும் குறுக்கே நின்றால் தளர்ந்துவிடும். கொடிமலை அடிவாரத்து ஆயர் ஈத்தாமுக்கே பொருந்தும் இந்த விதி, பால்மரக் காட்டுக்குள் கிடக்கும் லயத்துக்குப் பொருந்தாதா? கடையில் பறக்கும் கைப்பேசி லயத்தில் தவழும்!

கணக்குப் பார்ப்போம். அரசாங்கம் 2020-இல் தொடங்கிய ஜெண்டெலா திட்டம் நொடிக்கு 35 மெகாபிட் என்ற சராசரி வேகத்தைக் குறியாய் வைத்தது. அந்த வேகத்தில் 100 மெகாபைட் படம் ஒன்று இறங்க ஏறக்குறைய 23 நொடி; நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 8 நொடி. மிச்சம் 15 நொடி! இதற்காக 400 வெள்ளி கூடுதலாய்க் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2025-இல் 1,700 வெள்ளியான குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 65 வெள்ளி. 15 நொடிக்கு ஆறு நாள் உழைப்பா? அதுவுமன்றி, 10 கிகாபைட் டேட்டாவை அந்த 100 மெகாபிட் வேகத்தில் ஓயாது இறக்கினால் 14 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். வேகம் கூடினால் டேட்டா கூடுமா?

“தொழிலாளிக்கு மட்டும் முன்னேற்றம் வேண்டாமா?” என்று சிலர் கேட்பர். வேண்டும்! விலையும் தரமும் ஒத்திருந்தால் 5ஜியையே வாங்குங்கள். உங்கள் தோட்டத்தில் அந்த லைன் கிடைத்து, பிள்ளைகளின் பாடத்துக்கும் உதவினால் எவர் தடுப்பார்? ஆனால் முதலில் கேட்க வேண்டியவை வேறு. 2021 இறுதியோடு 3ஜி மூடப்பட்டது. ஆகவே, வோல்ட்டி எனப்படும், 4ஜி வழியே பேசும் வசதி இருக்கிறதா? விடியற்காலைப் பிரட்டு முதல் பால் நிறுத்து முடியும் வரை பேட்டரி தாங்குமா? வங்கிப் பணமே கைப்பேசிக்குள் வந்துவிட்ட காலத்தில், பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்? பழுதானால் உதிரிப்பாகம் கிடைக்குமா? இவற்றுக்குப் பதில் சொல்லாத கடைக்காரரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?

2020 ஜூனில் சபா மாணவி ஒருவர் மரத்தின்மேல் ஏறி அமர்ந்து தேர்வு எழுதியதை நாடே கண்டது. அவர் தேடியது அதிவேகமா? இல்லை, லைன்! தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிராணிமார்களுக்கும் வெட்டுத் தொழிலாளர்களுக்கும் தேவை அதுவே. நிரையில் ஒருவர் வழுக்கி விழுந்தாலும் பாம்பு தீண்டினாலும் ஆம்புலன்சை அழைக்க ஒரு லைன் வேண்டாமா?

குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் தொழிலாளிக்குத் தரப்பட வேண்டியவை என்று 1990-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் வகுத்தது. அவற்றை எவரும் கடையில் வாங்கிவரச் சொல்லவில்லை. லைனும் அந்த வரிசையில் சேர வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

எனவே, ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில் எந்த லயத்தில், எந்த நிரையில் லைன் இல்லை என்று பட்டியல் எழுதட்டும். அதைச் சங்கத்தின் வழியே நிர்வாகத்தின் மேசையிலும் தொடர்புத் துறை, பல்லூடக ஆணையத்தின் மேசையிலும் வைப்போம். தனித்தனியே கடைக்கு ஓடினால் கடன் வரும். ஒன்றாய் நின்று கேட்டால் கோபுரம் வரும்!