வாங்காமல் போகிறவர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாட்டில் உயர்விலை ஆடையகங்களை நடத்தும் உரிமையாளர்கள், அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கும் வணிக வளாக நிர்வாகங்கள், தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத் துறை, நுகர்வோர் பாதுகாப்புத் துறை.

எங்களில் ஒருவர் போன தை மாதம் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நுங்கம்பாக்கத்தில் ஒரு பட்டுக்கடைக்குப் போனார். (கடை என்றால் அவர்களுக்குப் பிடிக்காது, பொட்டிக் என்று சொல்ல வேண்டும்.) அம்மா காஞ்சிபுரத்தை அடுத்த அய்யம்பேட்டையில் முப்பது வருடம் தறியோடு வாழ்ந்தவர். பாவு பிணைத்தவர். கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் கோர்வைப் புடவை ஓடும்போது கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தவர். மேசைமேல் விரித்துப் போட்டிருந்த அரக்குப் புடவையின் கரையைத் திருப்பி, பின்பக்கம் கோர்வை எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போனார்.

“தொடாதீங்கம்மா, அழுக்காயிடும்.”

விலை கேட்டார். விலை வரவில்லை. “அது காஸ்ட்லிம்மா. உங்களுக்கு என்ன ரேஞ்சுல வேணும்?” என்றுதான் பதில் வந்தது. விற்பனைப் பெண்ணின் பார்வை அம்மாவின் ரப்பர் செருப்பில் இருந்தது. ஐந்து நிமிடத்தில், கார் சாவியை விரலில் சுழற்றியபடி வந்த வேறொருவருக்கு அதே புடவையை உதறித் தோளில் போட்டுக் காட்டினார்கள். அவர் கை கழுவிவிட்டு வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த மாதிரிக் கதை வழக்கமாக எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா மஞ்சப்பையில் இருந்து கட்டுக் கட்டாக எடுத்து வைப்பார், கடைக்காரர் வெலவெலத்துப் போவார். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தப் புடவையை வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. பார்த்துவிட்டு வரத்தான் போனார்கள், பார்க்காமலே வந்தார்கள்.

2022 ஜனவரியில் கர்நாடகத்தின் துமகூருவில் ஒரு வாகன விற்பனையகத்தில், பத்து ரூபாய்கூட இருக்காது என்று ஒரு விவசாயியை ஏளனம் செய்தார்கள். அவர் அரை மணி நேரத்தில் 10 லட்சம் ரூபாயோடு திரும்பி வந்தார். நாடே கைதட்டியது. 2013இல் சூரிச் நகரக் கடை ஒன்றில் விலை உயர்ந்த கைப்பையைத் தனக்குக் காட்ட மறுத்தார்கள் என்று அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளரும் பெரும் செல்வந்தருமான ஓப்ரா வின்ஃப்ரே சொன்னார். கடைத் தரப்பு அது தவறான புரிதல் என்றது. சுவிஸ் சுற்றுலாத் துறை மன்னிப்புக் கேட்டது. கேட்க இதமான கதைகள்தான். ஆனால் இரண்டிலும் அவமதிப்பு தவறு என்று நிரூபிக்கப் பணம் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பணம் வராதவருக்கு யார் சாட்சி? இந்தச் சாசனம் அவருக்காக எழுதப்படுகிறது.

எங்கள் கோரிக்கைகள்:

1. ஒவ்வோர் ஆடையிலும் விலையைக் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். பாதி அவமானம் விலை கேட்கும் இடத்தில்தான் நடக்கிறது. சீட்டு இருந்தால் கேட்க வேண்டியதே இல்லை. பார்ப்பவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார். வாடிக்கையாளர் தானாகச் சொல்லும்வரை ‘ரேஞ்ச்’ என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

2. தொடுவதற்கு ஒரே விதி வேண்டும். பட்டு நுட்பமானது, சரிகை கறுக்கும், கண்ணாடி வேலைப்பாடு உதிரும், எங்களுக்கும் தெரியும். கையுறை வேண்டுமானால் எல்லோருக்கும் கொடுங்கள். பணியாளர்தான் பிரித்துக் காட்ட வேண்டும் என்றால் கேட்கிற எல்லோருக்கும் பிரித்துக் காட்டுங்கள். வெள்ளை மெத்தை விரித்து, குடும்பமாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஐம்பது புடவை பிரித்துப் போட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்தாலும் “அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்க” என்று அனுப்பிய கடைகள் இந்த ஊரில் இருந்தன. அன்றும் சாதி பார்த்துத்தான் மெத்தையில் இடம் கிடைத்தது, அதை மறைத்து அந்தக் காலத்தைக் கொண்டாட வரவில்லை. பிரித்துக் காட்டுவது வியாபாரத்தைக் கெடுத்துவிடாது என்பதற்கு மட்டும் அதைச் சொல்கிறோம்.

3. பின்தொடர்வதை நிறுத்துங்கள். உதவிக்கு நிற்பதும் காவலுக்கு நிற்பதும் வேறு வேறு என்று முதுகுக்குத் தெரியும். நியூயார்க்கில் 2013இல் 19 வயதுக் கறுப்பின மாணவர் ஒருவர் பார்னீஸ் கடையில் சுமார் 350 டாலருக்கு ஒரு இடுப்புவார் வாங்கினார். வெளியே வந்ததும் போலீஸ் பிடித்தது. இவ்வளவு விலையுள்ள பொருளை அவரால் எப்படி வாங்க முடியும் என்பதுதான் கேள்வி. மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் விசாரித்தார். 2014இல் பார்னீஸ் 5,25,000 டாலரும், இதே மாதிரிப் புகாரில் மேசீஸ் என்ற இன்னொரு கடை 6,50,000 டாலரும் கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தன. அதற்கு முன்பே, 2013 டிசம்பரில், அந்த மாநிலத்தின் சில்லறை வணிகர் அமைப்பு வாடிக்கையாளர் உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, தோற்றத்தை வைத்துச் சந்தேகிக்கக் கூடாது என்பதைக் கடைகளிலேயே எழுதி வைக்கச் செய்தது. அதே பலகையை இங்கே தமிழில் வாசலில் மாட்டச் சொல்கிறோம். பெரிய செலவில்லை. வாசலில் பை சோதனை உண்டென்றால் தோல் கைப்பைக்கும் அது உண்டு, துணிப்பைக்கும் உண்டு.

4. “இந்தக் கலர் உங்க ஸ்கின் டோனுக்கு எடுக்காது”, “உங்க சைஸ் எல்லாம் நாங்க வைக்கிறதில்ல.” கேட்காமல் கொடுக்கும் இந்த ஆலோசனைகள் வேண்டாம்.

5. தமிழில் கேட்டால் தமிழில் பதில். சென்னையில் இதைக் கோரிக்கையாக எழுத வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

6. உடை மாற்றும் அறை திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் திறக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்களுக்குக் கிடைக்கும் பொருளையும் சேவையையும் அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்கிறது. “ரூம் எல்லாம் ஃபுல்” என்பது மறுப்பின் நாகரிகமான பெயர். சக்கர நாற்காலி நுழையும் ஓர் அறையாவது ஒவ்வொரு கடையிலும் இருக்கட்டும்.

7. விற்பனைப் பெண்களைப் பலியாடு ஆக்காதீர்கள். புகார் வந்ததும் அந்தப் பெண்ணை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு, மேலாளர் கைகூப்பிப் படம் எடுத்துக்கொள்வது எங்களுக்கு வேண்டாம். யாரைக் கவனிப்பது, யாரை விடுவது என்று காலைக் கூட்டத்தில் சொல்லிக் கொடுப்பது நிர்வாகம். வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று ‘கன்வர்ஷன்’ கணக்குப் பார்த்து ஊக்கத்தொகை வெட்டுவதும் நிர்வாகம். அந்தக் கணக்கில், வாங்காதவருக்குச் செலவிடும் பத்து நிமிடம் அவள் சம்பளத்தில் விழும் ஓட்டை. அந்தப் பெண் பெரும்பாலும் எங்கள் ஊர்களில் இருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவள். தான் மடித்து வைக்கும் புடவையை அவளாலும் வாங்க முடியாது. விடுமுறை நாளில் பக்கத்துக் கடைக்குள் போனால் அவளையும் ஏற இறங்கத்தான் பார்ப்பார்கள். ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் காட்டியது. அவர்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று சட்டத் திருத்தம் வர 2021 ஆயிற்று. நாற்காலி போட்டிருக்கிறீர்களா, அதில் அவர்களை உட்கார விடுகிறீர்களா என்று தொழிலாளர் துறை நேரில் வந்து பார்க்க வேண்டும். கன்வர்ஷன் கணக்கை ஊக்கத்தொகையில் இருந்து நீக்க வேண்டும். கால் கடுக்க நிற்கிறவளிடம் முக மலர்ச்சியை மட்டும் கேட்பது நியாயமில்லை.

8. அரசிடம் கேட்பது. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாருக்கும் நுழைவைத் தடுக்கக் கூடாது என்று இடங்களை வரிசைப்படுத்தும்போது கடையைத்தான் முதலில் சொல்கிறது. கடை என்றால் என்ன என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கேட்டபோது, சேவை தர ஆயத்தமாக இருக்கும் எவருடைய இடமும் அதில் அடங்கும் என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கினார். ஆனால் வாசலில் நிற்பவர் சாதி கேட்பதில்லை. செருப்பைப் பார்க்கிறார், பையைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார். சாதியும் வர்க்கமும் அவற்றில்தான் எழுதியிருக்கின்றன. வேட்டி கட்டிய நீதிபதியை 2014இல் சென்னையின் ஒரு கிளப் திருப்பி அனுப்பியதும், அதே ஆண்டு ஆடைக் கட்டுப்பாட்டை நீக்க இங்கே சட்டம் வந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அவமானப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் இவ்வளவு வேகம் என்று நாங்கள் நினைக்கிறோம். அந்தச் சட்டம் நுழைவைப் பற்றிப் பேசுகிறது. உள்ளே வந்தவரை எப்படி நடத்துவது என்பதையும் அதில் சேருங்கள். நுகர்வோர் சட்டமோ விலை கொடுத்து வாங்கியவரைத்தான் நுகர்வோர் என்கிறது. வாங்கும் முன்பே துரத்தப்பட்டவர் எங்கே போவார்? மாவட்டத்துக்கு ஓர் அலுவலரை இதற்கென்று நியமியுங்கள்.

வியாபாரத் தரப்பின் பதிலும் எங்களுக்குத் தெரியும். எட்டாத உயரத்தில் இருப்பதுதான் எங்கள் சரக்கு, கொஞ்சம் முறைத்தால்தான் மதிப்பு என்பார்கள். அதற்கு ஆய்வும் காட்டுவார்கள். 2014இல் மார்கன் வார்டும் டேரன் டாலும் நுகர்வோர் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, அலட்சியப்படுத்தப்பட்டவர்கள் சிலருக்கு அந்த ஆடம்பரப் பெயர்மேல் ஆசை கூடியது என்றுதான் சொல்கிறது. அந்த ஆசை காலப்போக்கில் வடிந்துவிடுகிறது என்றும் அதே கட்டுரை சொல்கிறது. அது வடியாமலே இருந்தாலும் எங்கள் பதில் மாறாது. அடிபட்ட குழந்தை அடித்தவர் மடியிலேயே போய் விழுகிறது என்பதற்காக அடிப்பதை யாரும் நியாயப்படுத்துவதில்லை.

வரும் ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குள் ஒவ்வொரு கடையும் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் தந்த கடைகளின் பெயரை வெளியிடுவோம், தராத கடைகளின் பெயரையும் வெளியிடுவோம்.

இதை வாசிப்பவர்கள் கீழே கையெழுத்திடுங்கள். பெயரும் ஊரும் போதும். தொழிலையும் வருமானத்தையும் எழுத வேண்டாம்.